சர்வர் சிப்பும் சங்கர்ராமும்

“நன்னா தலையில கட்டிட்டா...”

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவன் முணுமுணுத்தது, மழைச் சத்தத்தையும் மீறி அமுதவள்ளியின் காதில் விழுந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் அவள் கடைக்கு எல்லாரும் மலையாளத்தில்தான் சண்டைக்கு வருவார்கள். இவன் தமிழில் வந்திருக்கிறான்... அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில்.

“யாரு தலையில யாரு கட்டுனா?” என்றாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்... கோபப்படக்கூடச் சரியாகத் தெரியாத கண்கள். வாடிக்கையாளர் கண்ணில் கடைக்காரிக்கு என்ன வேலை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“தமிழா? க்ஷமிக்கணும். சிநேகிதனை அனுப்பி உங்க கடையில சிப் வாங்கினேன். நானே மாட்டினேன். ஃபேன் சுத்தறது, லைட் எரியறது... திரை மட்டும் கறுப்பாக்கும்.”

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல், சிப்பை மட்டும் மாற்றி ஓடவைப்பது அமுதவள்ளியின் தொழில். பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் சர்வர் சிப்புகள் மலிவாகக் கிடைக்கும். அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும், வேகமும் கூடும். தன் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் எதையும் அவள் விற்பதில்லை. அவன் கொண்டுவந்ததையும் கழற்றிப் போட்டாள். பளிச்சென்று படம் வந்தது.

“சிப்புக்கு ஒரு குழப்பமும் இல்ல. நீங்க மாட்டுறப்போ போர்டுல பின் எதாச்சும் வளைஞ்சிருக்கும்.”

அவன் முகம் வாடிவிட்டது. சங்கர்ராம் என்று பெயர் சொன்னான். பாலக்காட்டுக்காரன். பக்கத்துச் சேர்லாயில் தபால் ஆபீஸுக்கு எதிர்மாடியில் வாடகை அறை. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கு ஹோட்டலாகப் போகிறது... அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போடுவது அவன் பொறுப்பு. சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அந்த வேலை போச்சு. அப்புறம் அப்பா பார்த்துவைத்திருக்கும் கோயம்புத்தூர் கம்பெனிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

“வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க” என்றாள்.

அவன் போனபின் போர்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பின்கூட வளையவில்லை. அப்புறம்தான் அவள் பார்வை தன் மேசைக் கம்ப்யூட்டர் மீது போனது. அதில் எப்போதும் ஒரு கிராபிக்ஸ் கார்டு செருகியே இருக்கும். அவள் விற்ற சர்வர் சிப்புக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது, அந்தக் கார்டு வேண்டும். விற்கும்போது சொல்லியிருக்க வேண்டியது... சொல்ல மறந்திருக்கிறாள்.

ஒரு கார்டு போட்டால் தீர்ந்தது. ஆனால் போட்டால், தப்பு யாருடையது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். ஆம்பிளைகள் நிறைந்த தொழிலில் ‘அமுதா சொன்னா சரியா இருக்கும்’ என்று பேர் வாங்குவதற்குள் அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவன் இரண்டு கிளாஸ் சாயாவோடு வந்தான்.

“என் கைக்குத்தம்தானே?”

“...பாத்துட்டு இருக்கேன்.”

“வேண்டாம், விடுங்கோ. உங்களை வெறுதே, காரணமே இல்லாம சந்தேகப்பட்டேன், அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இன்னைக்கு ராத்திரி வண்டிக்குக் கோயம்புத்தூர் போறேன். பெட்டியை நீங்களே வச்சுக்கோங்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. அவன் மழையில் இறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். சாயா ஆறிப்போனது.

பேராம், பேரு... வறட்டு கௌரவம்.

தன் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். அவன் சிப்பைத் திரும்ப மாட்டி, பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, சேர்லாய் மாடிப்படியை மூச்சிரைக்க ஏறினாள். கதவைத் திறந்தவன் வாய் திறக்குமுன் உள்ளே போய்க் கார்டைச் செருகி, வயர்களை மாட்டினாள். திரை விழித்துக்கொண்டது.

“உங்க கை மேல தப்பில்ல. இந்தச் சிப்புக்குக் கார்டு வேணும். சொல்லாம வித்தது நான். நேத்தே தெரிஞ்சு போச்சு... ஒத்துக்கிட மனசு வரல.”

அவன் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“கார்டு உங்க மெஷின்லேருந்து கழட்டினதா? அப்போ கடையில சிப்பெல்லாம் எதுல போட்டுப் பாப்பேள்?”

“இன்னைக்குக் கடை லீவு.”

“எதுக்கு இத்தனையும்?”

“நீங்க கோயம்புத்தூர் போகக்கூடாது.”

“வேலை போயிடுமேன்னா?”

தலை குனிந்தாள். மழை சற்று ஓய்ந்திருந்தது. சன்னக் குரலிலும் அது தெளிவாகவே கேட்டது.

“இல்ல... எனக்காக.”

சங்கர்ராம் போனை எடுத்தான்.

“அப்பா... நான் கோயம்புத்தூர் போகலை. படம் முடியுமான்னு இன்னும் தெரியாது. முடியலேன்னாலும் போகலை... காரணமா?” அவன் அவள் பக்கம் திரும்பினான். “காரணம் என் எதிர்லே நின்னுண்டிருக்காப்பா. நான் இன்னும் அவகிட்டயே சொல்லலை... முதல்ல அவகிட்ட சொல்லிட்டு, உங்களைக் கூப்பிடறேன்.”