ஒரு கை பாக்கெட்டில்

அரை மணி நேரத்துக்கு முன்பு அவர் கையாலேயே முடுக்கிய நான்கு நைலான் ஸ்க்ரூக்களும் மேஜை மேல் வரிசையாக, தலைகீழாக நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் மூடி மல்லாந்து கிடந்தது.

டீ குடிக்கத்தான் அந்தப் பக்கம் போயிருந்தார்.

"இந்த ரூமுக்குள்ள யாராவது வந்தீங்களா?"

"யாரு வரப்போறா?" என்றாள் தங்கை. "நான்தான் உங்க எதிர்லயே உக்காந்திருந்தேனே. பொண்ணு அஞ்சு மணிக்குத்தான் வருவா."

அவர் ஸ்க்ரூக்களையே பார்த்தார். 'தலையைக் கீழ வெச்சா உருண்டு ஓடாது மச்சான்' என்று அப்படி நிறுத்தி வைக்கிற ஆள் ஒருவர்தான். தங்கையின் கணவர். அவர் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது.

நாமே கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறதி அவருக்குப் புதிதா என்ன?

மேஜை மேல் இருந்த, அவருடைய அந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஐம்பது வருஷப் பழசு. இரும்புப் பெட்டி. அதன் பின்பக்கம் விரல் பருமனில் வயர் மாட்டுகிற ஒரு பித்தளை முனை, டெர்மினல், துருத்திக்கொண்டிருக்கும். செட் ஓடும்போது அதில் மூவாயிரம் வோல்ட். அந்தக் காலத்து ஆட்கள் அதைத் திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய செட்டுகளுக்கு அக்ரிலிக் தகட்டைச் சூடு காட்டி வளைத்து மூடி செய்து கொடுப்பதுதான் இப்போது அவர் வேலை. வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'மூடிக்காரர்' என்றே பெயர். இந்த ஒரு வருஷத்தில் கேட்டவர்களுக்கும் செய்தார், கேட்காதவர்களுக்கும் செய்தார். என்ன இப்படி ஒரு வெறி என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

இந்தச் செட்டுக்குத் தங்கை கணவர், மாப்பிள்ளையே, அழகாக ஒரு மூடி செய்து மாட்டியிருந்தார். நண்பர் ஒருவருக்கு அதே மாதிரி செய்ய அளவு வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் இவர் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார். சாயந்திரமே திருப்பி மாட்டிவிடலாம் என்று எண்ணம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். சுத்தமாக மறந்துபோனார். அன்று வீடு திரும்பிச் செட்டைப் போட்ட மாப்பிள்ளை, மூடி இருக்கிற தைரியத்தில், பார்க்காமலே பின்னால் கையை விட்டு ஏரியல் வயரைத் தடவியிருக்கிறார்.

'மூடி எங்கே?' என்று எல்லோரும் கேட்டபோது, "அவரேதான் கழட்டிப் போட்டிருப்பார், அவசரக்காரர்" என்ற பதில் இவர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. அன்றிலிருந்து தங்கை செத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

இன்று அவள் மகள் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்காரப்போகிறாள்.

"அந்த மனுஷன் மாதிரி அலட்சியமா விட்றாதீங்கண்ணா. அவருக்கு எங்க நெனப்பு கொஞ்சமாவது இருந்திருந்தா..." முடிக்காமல் எழுந்து போனாள்.

அவர் மறுபடி வேலையைத் தொடங்கினார். பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. எர்த் கம்பியால் டெர்மினலைத் தொட்டுச் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கினார். பிறகு இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்த விதி அது. இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். ஒரு கை பாக்கெட்டில் இருந்தால் பிழைக்க வழி உண்டு. அன்று மாப்பிள்ளையின் இன்னொரு கை இரும்புப் பெட்டி மேல் இருந்தது. மூடி இருக்கும்போது எவன் கையைப் பாக்கெட்டில் விடுவான்?

நான்கையும் முடுக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். மேஜை மேல் டக். டக். டக். டக்.

நான்கும் நின்றன. தலைகீழாக.

மெல்ல ஒரு வாடை கிளம்பியது. சூடான வார்னிஷும் தூசியும் கலந்து, அதற்கடியில் கருகிய மயிர் போல ஒன்று. அன்று இந்த அறைக்குள் ஓடிவந்தபோது மூக்கில் ஏறியது இதேதான். பெட்டிக்குள்ளிருந்து டிரான்ஸ்பார்மர் மெல்லிசாக முனக ஆரம்பித்தது. அவர் பிளக்கைப் பார்த்தார். தரையில்தான் கிடந்தது.

எந்த மூடி வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பைக்குள்ளிருந்து மாப்பிள்ளை செய்த பழைய மூடியை எடுத்தார். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒரு வருஷமாகச் சுமந்து திரிந்தது. வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. முனகல் நின்றது.

"அண்ணா, இது பழசுல்ல?" வாசலில் தங்கை. "எங்க கெடச்சுது?"

சொல்லலாம். இப்போது சொல்லிவிடலாம். அவள் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கைகூடத் தெரிந்தது.

"மேஜைக்குப் பின்னால கெடந்துச்சும்மா. கழட்டிப் போட்டுட்டு மறந்துட்டார் போல."

"அதானே." அவள் முகம் மறுபடி இறுகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

முனகல் திரும்பி வந்தது.

முதல் ஸ்க்ரூ தானாகச் சுழன்றது. இரண்டாவது. அவர் பாய்ந்து வலது கையால் மூடியை அழுத்தினார். மூன்றாவது. வெளியே கேட் திறக்கும் சத்தம். "மாமா! செட் ரெடியா?" நான்காவது. மூடி நழுவியது. விரல்களுக்கடியில் பித்தளை. ஜில்லென்று. எடுக்க முடியவில்லை. ஒட்டிக்கொண்டது.

விதி இருக்கிறது. ஒரு கை பாக்கெட்டில் இருந்தால் பிழைக்கலாம். இடது கையைப் பாக்கெட்டுக்குள் திணித்தார்.

உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

உள்ளங்கை கருகிச் சொரசொரத்த கை. அது அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி, நிதானமாகக் கோத்துக்கொண்டது. பெட்டியின் முகப்பில் வோல்ட் காட்டும் மீட்டர் முள் எழுந்துகொண்டிருந்தது.