பாட்டுப் படிக்கட்டு

அபிராம் என்ற பெயர் அந்த நிகழ்ச்சியில் வந்திருக்கவே கூடாது.

"பத்தாம் படியில் நிற்கும் இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர், மட்டாஞ்சேரியிலிருந்து அபிராம்" என்று அறிவிப்பாளர் தேன் ஒழுகச் சொன்னபோது, கற்பகம் சாயா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒலிநாடா அது. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கருப்பசாமி, சுடலைமுத்து என்றுதான் பெயர் வைப்பார்கள். அபிராம் என்று வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? அவளுக்குத் தெரிந்து மட்டாஞ்சேரியில் ஒரே ஒரு அபிராம்தான் இருந்தான். எதிர்வீட்டுச் சீனியம்மாளின் மகன். போன மழைக்காலத்தில் தோப்பும்படிப் பாலத்தில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்தவன்.

ஞாயிறு மாலை என்றால் அந்தச் சந்துக்கு 'பாட்டுப் படிக்கட்டு'தான். இடப்பள்ளியில் செல்போன் கடை வைத்திருக்கும் விஸ்வநாத் பழைய ஒலிநாடாக்களைத் தேடிப் பிடித்து இணைய வானொலியில் மறுஒலிபரப்பத் தொடங்கியதிலிருந்து, தமிழ் பேசும் வீடுகளிலெல்லாம் அந்த நேரத்துக்கு ஸ்பீக்கர் அலறும். அந்த வாரத்துப் பாட்டுகளைப் பத்தாம் படியில் தொடங்கி முதல் படி வரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருவார் அறிவிப்பாளர். அந்த மனிதர் கண்மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. குரலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. எந்தப் பாட்டு எந்தப் படி என்று பந்தயம் கட்டுவார்கள். யார் பெயர் வந்தாலும் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி "உள்ளேன் ஐயா!" என்று ஜன்னலில் நின்று கத்த வேண்டும், அது சந்தின் வழக்கம். சந்துக்காரர் ஆறுச்சாமி இளவட்டத்தில் போட்ட கார்டு போன மாதம் வாசிக்கப்பட்டபோது, மனிதர் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் துள்ளினார்.

கற்பகமும் சிறுமியாக இருந்தபோது கார்டு கார்டாகப் போட்டவள்தான். ஒரு தடவைகூட அவள் பெயர் வந்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும், வேறு யாரோ ஒரு அபிராம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பாட்டு தொடங்கும் முன் வரும் அந்தச் சின்ன இடைவெளியில், அவள் மாடிவீட்டு மரப்படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ளேன் ஐயா."

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெல்லச் சொன்னது. அதன் பிறகு படி ஒன்று கிறீச்சிட்டது. வீட்டுக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் சுக்குக் கிடங்கின் காரவாசனைதான் எப்போதும் அந்தப் படிக்கட்டில் ஏறிவரும். இன்று வந்தது பெட்ரோல் வாடை, நனைந்த துணியின் வாடையோடு.

"ஸாதனா, கீழ யாரு?"

"ஆரும் இல்லம்மா. மழைக்கு வாதில் ஞானே அடைச்சேன்" என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். தேவராவில் கல்லூரிக்குப் போகிறவள். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒரே குழம்பு; கதவைக்கூட வாதில் என்பாள்.

கற்பகம் ஜன்னலுக்குப் போனாள். எதிர் ஜன்னலில் சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கேட்டியாடீ கற்பகம்? எம் புள்ள பேரு! செத்துப்போன நேயருங்க பேரக் குடுங்கன்னு விஸ்வநாத் மெசேஜ் போட்டான்ல? நாந்தான் குடுத்தேன்."

கற்பகம் சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். அந்த மெசேஜ் வந்தபோது கற்பகம் தையல் மிஷினில் இருந்தாள். மகளைத்தான் வாசிக்கச் சொன்னாள். 'பிரிய நேயர்களின் பெயர்களை அனுப்பவும்' என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள் ஸாதனா. 'எம் பேரு வேணாம், உம் பேர அனுப்பு. ரேடியோவுல உம் பேரு வந்து நான் கேக்கணும்' என்று சொன்னது கற்பகமேதான்.

மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். 'நம்மைப் பிரிந்த நேயர்களின் பெயர்களை அனுப்பவும்.' அதன் கீழே மகள் மலையாள எழுத்தில் தட்டியிருந்தாள்: ஸாதனா, மட்டாஞ்சேரி.

"இது பிரியம் இல்லடீ, பிரிஞ்சவங்க! செத்தவங்க!"

"அய்யோ... எனிக்கு அது பிரியன்னுதான் தோணிச்சு. அதுக்கென்னம்மா? தெற்றிப்போச்சு, தப்பா அனுப்பிட்டேன்னு விஸ்வநாத் சேட்டன்கிட்ட சொன்னாப் போதும்."

"ஒன்பதாம் படி. மட்டாஞ்சேரியிலிருந்து காளியம்மாள்." மீன் விற்ற காளியம்மாள். தை மாதம் இறந்தவள்.

"உள்ளேன் ஐயா." இன்னொரு படி கிறீச்சிட்டது. மத்தி மீனின் கவிச்சி வந்தது.

கற்பகம் விஸ்வநாத்துக்குப் போன் போட்டாள். அவன் சாவகாசமாகப் பேசினான்.

"பேரா? அது நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு நானே வாசிக்கிறதா இருக்கேன் அக்கா. இன்னும் அந்த மெசேஜையே தொறந்து பார்க்கல. இப்ப ஓடுறது பழைய டேப்பு. அதுல புதுசா எப்படிப் பேரு வரும்?"

"உனக்குக் கேக்கலியா தம்பி? அபிராம், காளியம்மாள்..."

"எனக்கு இங்க 'கேட்பவர்'னு சொன்னதும் கொஞ்சம் இரைச்சல்தான் வருது. டேப்பு தேஞ்சிருக்கு." கற்பகம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவதற்குள் லைன் கரகரத்துச் செத்தது. திரும்பத் திரும்பப் போட்டாள், கிடைக்கவில்லை.

ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்தாள். என்ன பயன்? மழை இறங்கும் சந்து முழுக்க, வரிசையாகத் திறந்திருந்த ஜன்னல்களில், ஒரே குரல் ஒரே பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. எட்டு. ஏழு. ஒவ்வொரு பெயருக்கும் படிக்கட்டில் ஒரு பதில். ஒவ்வொரு பதிலுக்கும் மேலே ஒரு படி.

இப்போது ஸாதனாவுக்கும் கேட்டது. அவள் முகம் வெளுத்துப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மே... எனிக்குப் பேடியாவுது."

இறங்கி ஓட அந்தப் படிக்கட்டைத் தவிர வழியில்லை. ஜன்னலில் கம்பி. கணவர் சங்கிலிப்பாண்டி வைப்பினில் வேலையில் இருந்தார். கற்பகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"அக்கா! ரேடியோவ நிறுத்தச் சொல்லுங்க! எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க! எம் மக பேரு அதுல இருக்கு!"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிற மாதிரி ஏன்டீ அலறுற?"

"உங்க காலப் புடிக்கிறேன் அக்கா, அவ உசுரோட இருக்கா!"

சீனியம்மாளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் கற்பகத்தைப் பார்க்கவில்லை. கற்பகத்தின் வீட்டுப் படிக்கட்டு இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"எம் புள்ள பதில் சொன்னான்டீ. எனக்கும் கேட்டுச்சு. நிறுத்துனா அவன் போயிருவான்." கையை நீட்டிச் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

கற்பகத்துக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று தெரிந்தது. அதுதான் அவளை நிலைகுலைய வைத்தது.

தையல் மிஷினை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மகளை மடியோடு சேர்த்துப் பின்னாலிருந்து இறுக அணைத்துக்கொண்டாள்.

"பேரு வந்தா வாயத் தொறக்காத. என்ன ஆனாலும் பதில் சொல்லாத. சொல்லலேன்னா ஒண்ணும் ஆகாது. கேட்டியா?"

ஸாதனா தலையாட்டினாள். அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. நான்கு. மூன்று. வெளியே கிறீச். பெட்ரோலும் மீனும் மருந்தும் ஊதுவத்தியும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்தது. இரண்டு. ஏதோ ஒரு கிழவரின் இருமல். கதவுக்கு மிக அருகில் யாரோ ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு இடம் விடுகிற அரவம்.

பாட்டு முடிந்தது. மழையும் நின்ற மாதிரி இருந்தது.

"இதோ, முதல் படி."

கற்பகம் மகளின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் சூடான மூச்சு முட்டி முட்டி வந்தது. அந்தச் சூடு போதும். அது இருக்கிறவரை போதும்.

"விரும்பிக் கேட்பவர், மட்டாஞ்சேரியிலிருந்து செல்வி ஸாதனா."

உதடுகள் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை. கற்பகத்தின் கைக்குத் தெரியும்.

"உள்ளேன் ஐயா."

கதவுக்கு வெளியே.

எதிர்வீட்டில் கைதட்டல். "ஏடீ, உம் மக பேரும் வந்துருச்சு!" சந்து முழுக்க முதல் பாட்டு பொங்கியது. அதற்கு நடுவே கதவை விரல் கணுவால் தட்டும் சத்தம்.

"அம்மே, வாதில் தொற. இங்க நெறயப் பேரு நிக்காங்க. எனிக்குத் தணுக்குது, குளிருது."

அந்தக் குழம்பு மொழி. அந்தச் சிணுங்கல். அவள் மகளேதான்.

மடியில் கனம் கூடிக்கொண்டே போனது. நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. கற்பகம் குனிந்து பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு, மூச்சு வராத அந்த வாயை இன்னும் இறுக்கமாகப் பொத்திக்கொண்டாள்.