பன்னிரண்டு வருடம் தாங்கும்

காலையில் எழுந்ததும் முப்பிடாதிக்கு வலது தொடையில் நரம்பு சுண்டி இழுத்தது. முந்தின நாள் அவள் பத்தடி கூட ஓடவில்லை. ஓடியவள் புனேயில் ஆடும் ஒரு ஹாக்கிக்காரி. அவள் முகத்தை முப்பிடாதி பார்த்ததில்லை. அந்த ஆட்டத்தின் அலுப்பு மொத்தமும் கோவில்பட்டியில் இவள் தொடையில் வந்து இறங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இதற்குத்தான் சம்பளம்.

அலுப்பை ஒழிக்க விஞ்ஞானம் ஐம்பது வருடம் மெனக்கெட்டுத் தோற்றது. இடம் மாற்ற மட்டும் கற்றுக்கொண்டது. பிடரியில் புளியங்கொட்டை அளவில் பதிக்கப்படும் அயர்வுமாற்றி, ஓடுகிற உடம்பில் ஊறும் களைப்பை இழுத்து, இன்னொரு பிடரிக்கு அனுப்பிவிடும். ஓடியவர் குளித்து எழுந்தவர் மாதிரி இருப்பார். வாங்கிக்கொள்கிறவர் படுத்துவிடுவார். அவருக்கு 'ஏந்தி' என்று பெயர். தீப்பெட்டி ஆலைகளில் கடைசி ஆளையும் அனுப்பிய பிறகு ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஒரே வெளியாளின் அலுப்பை உடம்பு ஒரு வருடத்துக்குமேல் ஏற்காது. கூடப்பிறந்தவர்கள், பெற்றவர்கள் என்றால் வருடக்கணக்கில் ஏற்கும்.

அன்று அவள் தங்கை சண்முகக்கனிக்குக் கணிப்பு நாள். ஜூனியர் ஹாக்கி அணியில் முன்வரிசை ஆடுகிறவள், பதினெட்டு வயது. தொழில்முறை லீக்கில் எத்தனை வருடம் நிற்பாள் என்று கணிப்பு மையம் ஒரே ஓர் எண் சொல்லும். எட்டோ அதற்கு மேலோ வந்தால் ஒப்பந்தம். குறைந்தால் வீடு.

"எட்டு வந்துட்டா போதும்க்கா," என்றாள் கனி பஸ்ஸில். "அப்புறம் கிளப்பே ஏந்தி வச்சுக்கிடும். நீ பிடரியில இருக்கிறதைக் கழட்டி எறிஞ்சிட்டுத் தூங்கு."

"மொதல்ல எட்டு வரட்டும்ட்டி."

சம்பளத்துக்கு வெளியாள் அலுப்பையும் சும்மா கனியின் அலுப்பையும் சுமந்து, ஏழு வருடமாக முப்பிடாதி முழுத் தூக்கம் தூங்கியதில்லை. அந்த எண்ணுக்காகத் தங்கையைவிட அதிகம் ஏங்கியது அவள்தான்.

மையத்தில் முப்பது பெண்கள் மைதானத்தில் இறங்கினார்கள். கூட வந்தவர்களைக் கண்ணாடி அறைக்குள் மெத்தை வைத்த நாற்காலிகளில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். கணிப்பு நாளில் பிள்ளை புதுசாகத் தெரிய வேண்டும் என்று, எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் அலுப்பை வாங்கிக்கொள்வது வழக்கம். விசில் ஊதியதும் வெளியே பெண்கள் மான்குட்டிகளாக ஓடினார்கள். உள்ளே உட்கார்ந்த இடத்திலேயே முப்பது பேருக்கு வேர்த்தது.

"எம் மவ கோல்கீப்பர்னு தைரியமா வந்தேன்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டே. "சும்மா நிக்கத் தெரியுதா மூதிக்கு? குதிக்கா!"

"பேசாதீங்கண்ணே, மூச்சு வீணாப்போவும்."

கால் மணி நேரத்தில் அவர் டீயோடு சரிந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்து இரண்டு அம்மாக்கள், ஒரு சித்தப்பா. முப்பிடாதி நாற்காலியின் கையைப் பிடித்தபடி, சத்தம் போடாமல் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். கனி ஐந்து கோல் அடித்தாள். கடைசி கோல் ஸ்டிக்கைத் திருப்பி அடித்தது. அதை அடித்த தோளின் வலி முப்பிடாதிக்கு வந்தது.

கணிப்பாளர் ஞானதிரவியம் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த மனிதர். காகிதத்தை நீட்டினார். பன்னிரண்டு.

கனி துள்ளினாள். "சார், அந்தக் கடைசி கோல்தானே சார்? திருப்பி அடிச்சேனே?"

"நான் பாக்கலம்மா. மைதானத்துல கேமராவைக் கழட்டி நாலு வருஷமாச்சு."

"அப்ப எதை வச்சு சார்...?"

"நாற்காலியை வச்சு." சலிப்பாகத்தான் சொன்னார், தினமும் யாராவது கேட்பார்கள் போல. "இங்க வர்ற முப்பது பேருக்கும் ஆட்டம் இருக்கு. இருபது வருஷக் கணக்கை இயந்திரத்துல போட்டுப் பாத்தோம். திறமையை வச்சு ஒருத்தர் நிப்பாரா மாட்டாரான்னு சொல்ல முடியலை. வீட்டுல தாங்குறவர் உடம்பை வச்சு சொல்ல முடிஞ்சுது. ஒரு வருஷம்கூடத் தப்புறதில்லை."

முப்பிடாதி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இந்தப் பன்னெண்டு எனக்கா சார்?"

"உங்களுக்குத்தான்."

"கிளப் ஏந்தி?"

"வருஷத்துக்கொரு வெளியாள்னா கிளப்புக்குக் கட்டுப்படி ஆகாதும்மா. வசதியுள்ள ஆட்டக்காரங்க சொந்தக் காசுல வச்சுக்குவாங்க."

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"நீங்க போட வேண்டாம். ஆட்டக்காரர் மட்டும்." ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'குடும்ப ஒத்துழைப்பு' என்று ஒரு வரி. எதிரே இரண்டு கட்டம், உண்டு, இல்லை.

"இல்லைன்னு போட்டா?"

"அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்."

கனி பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, நீ வேண்டாம்னா நான் போடலை." அந்த நிமிடம் மனசாரத்தான் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் அதுவும் தீர்ந்திருந்தது. "போட்டுட்டு வாட்டி," என்றாள் முப்பிடாதி. "பஸ்ஸு போயிரும்."

திரும்பும்போது கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சீசன் தொடங்குறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை அந்த அயர்வுமாத்தியை அணைச்சிருதேன்க்கா. என் அலுப்பை நானே வச்சுக்கிடுதேன். அன்னிக்குப் பூரா நீ தூங்கு."

"சரிட்டி."

அடுத்த ஞாயிறு பாராட்டு விழா. அதற்கடுத்தது பயிற்சி முகாம். பிறகு சீசன் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் வருடம் கனி இந்திய அணிக்குத் தலைவியானாள். கடைசிக் கால்பகுதியிலும் களைக்காமல் ஓடுகிற ரகசியம் என்ன என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். காலை நாலரைக்கு எழுவது, விடாமுயற்சி, சோம்பல் இல்லாமை என்று மூன்றைச் சொன்னாள். குடும்பமும் ஒத்துழைத்தது என்றாள். அதை நிருபர் கடைசி வரியில் சேர்த்தார். இடம் போதாமல் அச்சில் அது வெட்டுப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் பேட்டியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். உழைத்தால் களைப்பு வராது என்று ஆசிரியர்கள் அதைக் காட்டிச் சொன்னார்கள்.

முப்பிடாதிக்குக் கனி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன்பட்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை.