இரண்டு இழுப்பு

அலைபேசியில் எழுபது வினாடி ஓடியபோதும் கயிறு ஒருமுறை இழுபட்டது. முத்துராஜுக்கு ஐம்பதுக்கு மேல் மூச்சடக்க வராது.

அல்தாப் கிணற்றின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். இலஞ்சித் தென்னந்தோப்பின் பிற்பகல் வெளிச்சம் பாதிச் சுவரோடு நின்றுவிட, பாசி நாற்றமும் பொந்துப் புறாக்களின் முனகலும் மோட்டார்க் குழாய் சொட்டும் ஒலியும் சூழ, கறுத்த நீர் ஆடாமல் கிடந்தது.

கடலோரக் காவல்படையில் நாவிக் என்னும் மாலுமி வேலைக்கான எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் இருவரும் தேறியிருந்தார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்தால் ஒடிசாவில் பயிற்சி. அல்தாப்புக்கு இதுவே கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். பயிற்சியில் நீச்சல் உண்டு. குற்றாலத்துப் பக்கத்துப் பையன்களுக்கோ அருவிக்கடியில் நிற்கத்தான் தெரியும். அதனால் இந்த ஏற்பாடு. ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீருக்கடியில் உட்கார வேண்டும். பத்து வினாடிக்கு ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தூக்கு.

நேற்று அல்தாப் முப்பதிலேயே தூக்கிவிட்டான்.

"சிக்னல் குடுக்காம இழுக்காதலே!" என்று முத்துராஜ் சிரித்திருந்தான். "அங்கன போயி இப்படிப் பதறுனா அச்சன்புதூருக்கே திருப்பி அனுப்பிருவாவ. உங்க வாப்பா கடையில சாயா ஆத்த வேண்டியதுதான்."

எண்பது. ஓர் இழுப்பு.

தொண்ணூறு. ஓர் இழுப்பு.

பதறக் கூடாது.

நூற்றுப்பத்தில் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலைப் படியில் ஊன்றி இழுத்தான். அசையவில்லை.

"அண்ணாச்சி! வீரபாகு அண்ணாச்சி!"

தோப்புக் காவல்காரர் ஓடிவந்து கயிற்றைத் தொட்டார். அவர் விரலுக்கடியிலேயே அது நிதானமாக ஒருமுறை இழுபட்டது.

"உசுரோடதாம்லே இருக்கான். கயித்த விட்டுராத!" என்று குதித்தார்.

கயிறு இழுபட்டது. மறுபடி. மறுபடி.

வீரபாகு மேலே வந்தபோது அவர் தோளில் முத்துராஜ் தொங்கினான். படியில் கிடத்தினார். உதடு நீலம். மூக்கில் நுரை. நெஞ்சை அழுத்தினார். ஊதினார். மறுபடி அழுத்தினார். கடைசியில் கையை எடுத்தார்.

"போயிட்டாம்லே."

"இப்பக்கூட இழுத்தான் அண்ணாச்சி..."

"யாருலே இழுத்தா? ஓரமா, தனியாக் கெடந்தான். இடுப்புல கயிறே இல்ல."

அல்தாப் தன் கையைப் பார்த்தான்.

ஓர் இழுப்பு.

வீரபாகுவும் பார்த்தார். படியேறி ஓடினார்.

சுற்றை அவிழ்க்க முடியவில்லை. நனைந்த கயிறு தோலுக்குள் இறங்கியிருந்தது. நகத்தால் கீறினான். பல்லால் கடித்தான். புறாக்கள் முனகவில்லை. குழாய் சொட்டவில்லை.

பத்து வினாடி.

இரண்டு இழுப்பு.

அவன் தூக்கவில்லை. ஆனாலும் கயிற்றில் பாரம் ஏறியது. ஏறிக்கொண்டே வந்தது. நீர் பிரிந்தது.

கயிற்றைப் பற்றிய ஐந்து விரல்கள்.

அதற்கு மேலே, இன்னொரு கை.