மெருகு போட்ட கொக்கி

டுமீல்!

ஞாயிறு காலை பத்தரை மணி. பெல்ஜியத்தின் லியேஜ் ஊர்த் துப்பாக்கி கிளப்பில் அன்செல்ம் சரிந்து விழுந்தார். தாடைக்குக் கீழே ஓட்டை...

டிரிகரில் விரலே இல்லை! பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள்.

சுடுவதற்கு முன் பிஸ்டலின் பிடியை மேஜையில் இரண்டு தட்டு தட்டுவது அவர் பழக்கம். முதல் தட்டிலேயே வெடித்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ரெனெல்டா ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

நூறு வருஷப் பிஸ்டல். சொந்தக்காரர் ஃபிர்மான், ரிடையரான தபால்காரர். வீடியோ பார்த்துப் பார்த்து உள் பாகங்களுக்கெல்லாம் மெருகு போடுகிற ஆசாமி. கத்துக்குட்டிகள் பழைய பிஸ்டலில் கை வைக்கவே கூடாது என்று கிளப் பத்திரிகையில் மாதாமாதம் திட்டி எழுதியவர் அன்செல்ம். மெருகு என்றால் அன்செல்ம்தான் என்று ஊரெல்லாம் பேர். ஃபிர்மானின் லட்சணத்தைச் சுட்டே காட்டுகிறேன் என்று போன வாரம் அந்தப் பிஸ்டலை வீட்டுக்கு வாங்கிப் போனதும் அவரேதான்.

காட்டிவிட்டார், பாவம்!

ரெனெல்டா பிஸ்டலைப் பிரித்துப் போட்டாள். ஒரு கொக்கி கண்ணாடியாய் மின்னியது.

"தோட்டாவை அடிக்கிற சுத்தியலைப் புடிச்சு நிறுத்துற கொக்கி இது. இதைப் போய் வழவழன்னு தேய்ச்சிருக்கீங்க. தட்டினா வழுக்காம என்ன செய்யும்?"

ஃபிர்மானுக்கு வியர்த்துக் கொட்டியது. "மத்ததெல்லாம் தேய்ச்சேன் மேடம். கொக்கியைத் தொடவே இல்ல..."

"தெரியாமத் தேய்ச்சீங்களா, தெரிஞ்சேவா? ரெண்டுக்கும் ஜெயில்தான். வருஷம்தான் வித்தியாசம்."

படுத்த படுக்கையாய் மனைவி இருக்கிறாள், நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள் என்று அவர் கெஞ்சினார். ரெனெல்டாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. என்ன செய்ய? வேறு யார் தேய்த்திருப்பார்கள்?

அவள் கொக்கியை அலட்சியமாகத் தட்டில் போட்டாள். "அரைகுறை வேலை!"

"எது அரைகுறை?"

மூலையிலிருந்து குரல். அன்செல்மின் மனைவி ஒடில். இதுவரை அழவுமில்லை, பேசவுமில்லை.

"லென்ஸ் வச்சு ஓரத்தைப் பாரும்மா. ஒரு முடி அளவு மழுங்கியிருக்கா? இந்த ஆளு தேய்ச்ச மத்ததைப் பாரு, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி. இவனா இதைச் செஞ்சான்?"

ரெனெல்டா லென்ஸை எடுத்தாள். பார்த்தாள்... மறுபடி பார்த்தாள்.

மற்றவை எல்லாம் மொழுக்கை. இதன் விளிம்பு மட்டும் கத்தி!

"அப்போ... உங்க வீட்டுக்காரரா?"

"அவருக்கு அரத்தை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது. பேக்டரியில முப்பத்தோரு வருஷம் மெருகு போட்டவ நான். எங்க வீட்ல இருந்து போன ஒவ்வொரு பிஸ்டலும் என் கை. பேரு அவரோடது. போன மாசம் எழுதறார்... பொம்பளைங்க கைக்கு இந்த வேலை வராதாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட அவள் திரும்ப வாங்கவில்லை.

ஃபிர்மானுக்கு உயிர் வந்தது. மிட்டாய் என்றதில் கொஞ்சம் ரோஷமும் வந்தது.

ரெனெல்டா விலங்கை எடுத்தாள்.

"நான் பாத்ததுலயே சுத்தமான வேலை, மேடம்."

ஒடில் கைகளை நீட்டினாள்.

"வாயால சொன்னா போதாதும்மா. ரிப்போர்ட்ல எழுது... என் பேரைப் போட்டு."