தாஸிமின் ஒற்றை வாக்கு

சரியாக நாற்பத்தேழு மணித்தியாலங்களாக நிஹ்லா அதை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பில் தேர்தல் நடந்தது. குடியியல் பாடம் எடுக்கும் யோசெப்பின் டீச்சர்தான் நடத்தினார். பிஸ்கட் டின் வாக்குப் பெட்டியானது. வகுப்பின் முப்பத்துமூன்று பேரும் வாக்களித்தார்கள்; எல்லோருடைய இடது சுண்டுவிரலிலும் ஊதா மை.

வகுப்புத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். பள்ளி அதிபர் பூட்டி வைத்த கிரிக்கெட் மட்டையை மீட்டுத் தருவதாக ஹரிசன் சொன்னான். வாரம் ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஃபேன் காற்று கிடைக்கும் என்றான் தாஸிம்.

ஹரிசனுக்கு முப்பத்திரண்டு வாக்குகள். தாஸிமுக்கு ஒன்று.

"தனக்குத்தானே போட்டிருக்கிறான்!"

யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. அந்த ஒன்றே ஒன்றால், அன்றிலிருந்து தாஸிமின் பெயர் 'மிஸ்டர் ஒண்டு'.

உண்மையில் அந்த வாக்கு நிஹ்லாவுடையது. அவள் ஃபேனுக்கு நேர் கீழே இருப்பவள். பின்வரிசைப் பிள்ளைகள் பாடக் கொப்பியால் விசிறிக்கொள்வதைத் தினமும் பார்ப்பவள். ஆனால் எல்லோர் முன்னாலும் பேசுவதென்றால் அவளுக்குக் கை குளிர்ந்துவிடும்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குத் தாஸிம் டீச்சரின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தான்.

"என்ன மகன் இது?"

"நான் மற்ற வகுப்புக்குப் போறேன், டீச்சர்."

"அங்கயும் ஒரு வோட் கிடைக்கும், மிஸ்டர் ஒண்டு!" என்றான் ஹரிசன்.

எல்லோரும் சிரித்தார்கள். நிஹ்லா சட்டென்று எழுந்தாள். அவளுடைய கதிரை பின்னால் விழுந்தது.

"டீச்சர், வோட் ரகசியம் எண்டு சொல்லித் தந்தீங்க. நாங்களா சொன்னா பிழையா?"

"ஆரும் கேக்கக் கூடாது. நீங்களா விரும்பினா சொல்லலாம்."

"அப்ப சொல்றேன். தாஸிமுக்குப் போட்டது நான்."

வகுப்பே அவள் பக்கம் திரும்பியது.

ஹரிசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இன்னொரு தரமும் எண்ணிவிட்டுத் தாஸிமைப் பார்த்தான்.

"அப்ப... டேய், நீ ஆருக்குப் போட்டாய்?"

"ஹரிசன்! இப்பத்தானே சொன்னேன், கேக்கக் கூடாதெண்டு," என்றார் டீச்சர்.

"பரவாயில்ல, டீச்சர்." தாஸிம் கடிதத்தைத் திரும்ப எடுத்து நான்காக மடித்தான். அவனுடைய காதுகள் சிவந்திருந்தன.

"எனக்கு நானே போட வெக்கமா இருந்திச்சி," என்றான். "உனக்குத்தான்டா போட்டேன்."