ஜிக் காய்க்கும் மரம்

தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. "மீனு! மீனு!" என்று கத்திவிட்டாள் ஹெல்மி.

மீன் இல்லை. மரம்.

ஆறு கடலோடு கலக்கிற நீமிக் கழியின் நடுவில், தண்ணீருக்கடியில், பெரிய ஸ்ப்ரூஸ் மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. என்றோ ஒரு வெள்ளத்தில் ஆறு அதை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் கோஹோ சால்மன் மீன்கள், வழியில் அந்த மரத்தடியில்தான் இளைப்பாறும். அதனால் படகுத்துறையில் நிற்கிற எல்லோரும் மரத்தைக் குறிவைத்தே தூண்டில் வீசுவார்கள். மரமும் சளைக்காமல் பிடித்துக்கொள்ளும்.

ஹெல்மி இழுத்தாள். இன்னும் இழுத்தாள். பட்டென்று தூண்டில் நரம்பு அறுந்து, கம்பு நிமிர்ந்தது. நுனியில் இருந்த ஜிக் மரத்தோடு போய்விட்டது.

போனது சாதாரண ஜிக் இல்லை. ஜிக் என்றால் ஈயத்தில் ஒரு குட்டித் தலை, அதற்கு ஒரு தூண்டில் முள், முள்ளை மறைக்க இறகில் ஒரு வால், அவ்வளவுதான். கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும். ஆனால் இந்த ஜிக்கின் வால் நீதிபதியின் கழுத்து இறகு.

நீதிபதி என்பது அவர்கள் வீட்டுச் சேவல். முற்றத்தில் யார் என்ன செய்தாலும் தீர்ப்புச் சொல்லும். வசந்த காலத்தில் கோழி பிடிக்கும் ரக்கூன் ஒன்று வந்து அதன் பதவிக் காலத்தை முடித்துவைத்தது. மிஞ்சிய கறுப்பு ஊதா இறகுகளை வைத்து அம்மா ஒரே ஒரு ஜிக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவதாக வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஹெல்மி அதைக் கேட்காமல் எடுத்துவந்திருந்தாள்.

"அடடடடா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேப்டன்.

கேப்டன் வெண்டெல் ப்ரௌட்டி எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவர் அல்ல. அவருடைய தொப்பி அப்படிச் சொன்னது, அவரும் மறுக்கவில்லை. அவரிடம் 'அட்மிரல்' என்று ஒரு சின்னப் படகு இருந்தது. அது நனைந்துவிடக் கூடாதென்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்.

"பாப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து இந்தக் கழியில நான் தூண்டில் போடறேன். இதுவரைக்கும் ஒரு ஜிக்… ஒரே ஒரு ஜிக்கைத் தொலைச்சிருப்பேனா? கிடையாது! ஏன் தெரியுமா?"

"ஏன்?" என்று கேட்டாள் ஹெல்மி.

கேப்டன் ஒரு கணம் தடுமாறினார். இந்தக் கேள்வியை அவர்தான் கேட்பார்; திருப்பி யாரும் கேட்டதில்லை.

"மணிக்கட்டு!" என்றார். "எல்லாம் மணிக்கட்டுல இருக்கு!"

ஹெல்மி அவருடைய மணிக்கட்டைக் கவனமாகப் பார்த்தாள். அதில் ஒரு கடிகாரம்தான் இருந்தது.

"கேப்டன், இன்னொரு சந்தேகம். கோஹோ ஆத்துக்குள்ள வந்துட்டா எதையும் சாப்பிடாதாமே? வயித்துக்குப் பசியே இல்லைன்னா, அப்புறம் எதுக்கு ஜிக்கைக் கடிக்குது?"

"அது வந்து… மீனோட மனசு ரொம்ப ஆழம் பாப்பா. உனக்குச் சொன்னாப் புரியாது."

சொன்னால் புரியாது என்று பெரியவர்கள் எப்போது சொல்வார்கள் என்பது ஹெல்மிக்குத் தெரியும். அவர்களுக்கே தெரியாதபோது.

துறையோரம் தூண்டில் கடை வைத்திருக்கும் இர்மா ஆன்ட்டியிடம் ஹெல்மி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அழாத. நாளைக்குக் காலையில பெரிய வற்றம். கடல் பின்வாங்கினா கழியில பாதித் தண்ணி வடிஞ்சுடும், மரம் வெளியில தெரியும். போய் எடுத்துக்கலாம்."

"நடந்தா?"

"சேத்துல கால் வெச்சா பூட்ஸ் அங்கேயே தங்கிடும், நீ மட்டும் வீட்டுக்கு வருவ. படகு வேணும்." இர்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "வெண்டெல்! நாளைக்குக் காலையில இந்தப் பொண்ணை அந்த மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போ!"

கேப்டனின் முகம் விசித்திரமாக மாறியது.

"நாளைக்கா? நாளைக்குக் காத்து சரியில்லையே."

"காத்தே இல்லைன்னு ரேடியோல சொன்னான்."

"அதான் சொல்றேன், காத்தே இல்ல. அப்புறம் என் என்ஜினுக்குக் காலைப்பனி ஆகாது. அதோட அந்த மரம் ராசியில்லாத மரம். அது கிட்டப் போகவே கூடாது."

"சரி, நீ வராட்டிப் போ. உன் படகைக் குடு, நானே ஓட்டிட்டுப் போறேன். அந்த மரத்துல என்னதான் இருக்குன்னு எனக்கும் ரொம்ப நாளாப் பார்க்கணும்."

"நீ எதுக்கு!" கேப்டன் பதறினார். "நானே போறேன். விடிஞ்சதும் விடியாததுமா! யாரும் எழுந்திருக்க வேணாம்!"

ஏன் இவ்வளவு அவசரம் என்று ஹெல்மி யோசித்தாள். கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் படகு கிடைத்திருந்தது. கேள்வியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா இருட்டோடு கிளம்பிப் போனாள். வற்றத்தில்தான் சிப்பி வளர்க்கும் வயல் வெளியே தெரியும் என்பதால் அவளுக்கு வேலை எப்போதும் கடலோடுதான். ஹெல்மி தன் கம்பை எடுத்துக்கொண்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

கழி அடையாளமே தெரியாமல் இளைத்துப் போயிருந்தது. இரண்டு பக்கமும் சாக்லேட் நிறச் சேறு. நடுவில் ஒடுங்கிய தண்ணீர். அதன்மேல் பனிமூட்டம். அட்மிரல் மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது. கேப்டன் வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்கவில்லை.

பனிக்குள்ளிருந்து மரம் வந்தது.

ஹெல்மி வாயைப் பிளந்தாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மரத்துக்கு அது தெரியவில்லை போலும். கிளைக்குக் கிளை, குச்சிக்குக் குச்சி ஜிக்குகள் தொங்கின. சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு. ஆனால் பெரும்பாலானவை பச்சை. தலையில் மஞ்சள் கண். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அழகாக, சிவப்பு மையில், ஒரு 'வெ'.

அந்த ஊரில் பச்சை ஜிக்குக்கு மஞ்சள் கண் வைத்து, நெற்றியில் பெயரும் எழுதுகிறவர் ஒருவர்தான்.

கேப்டன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"அது… அது ஒரு ஆராய்ச்சி பாப்பா. நானேதான் வெச்சேன். வேணும்னே."

ஹெல்மி நினைத்திருந்தால் சிரித்திருக்கலாம். சிரிப்பு தொண்டைவரை வந்ததும் உண்மை. ஆனால் கேப்டனின் காதுகள் சிவந்து, தொப்பிக்குக் கீழே இரண்டு தக்காளிகள்போல் இருந்தன. பள்ளியில் எல்லோர் முன்னாலும் கணக்குத் தப்பானபோது தன் காதுகளும் இப்படித்தான் சுட்டன என்பது அவளுக்கு நினைவு வந்தது.

தவிர, அவளுக்கு நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது.

"ஆராய்ச்சியில என்ன கண்டுபிடிச்சீங்க, கேப்டன்?"

"என்னன்னா… அதாவது… முடிவு இன்னும் வரலை."

"எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?" ஹெல்மி எழுந்து நின்று மரத்தைச் சுட்டினாள். "எல்லா ஜிக்கும் துறையைப் பார்த்த பக்கம்தான் தொங்குது. அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல பாருங்க."

"எல்லாரும் துறையிலேருந்துதானே வீசறாங்க."

"அதான்! நான் கோஹோவா இருந்தா, தலைக்கு மேல தினமும் ஈயம் வந்து விழற பக்கத்துல எதுக்குப் படுக்கறேன்? அந்தப் பக்கம் போய் நிம்மதியா இருப்பேன்."

கேப்டன் மரத்தைப் பார்த்தார். ஹெல்மியைப் பார்த்தார். மறுபடியும் மரத்தைப் பார்த்தார்.

"அதேதான்," என்றார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

நீதிபதியின் இறகு ஒரு வளைந்த கிளையின் நுனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மி அதைப் பூப்பறிப்பதுபோல் பறித்து, ஒரு தக்கையில் குத்தி, சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு இருவருமாகப் பச்சை ஜிக்குகளைப் பறித்தார்கள். கேப்டன் ஒரு கிளையை அவசரமாகக் காலிசெய்தால் ஹெல்மி நிதானமாக இன்னொன்றைக் காலிசெய்தாள்.

மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். அங்கே ஆறு அடித்துத் தோண்டிய பள்ளம். தண்ணீர் கறுத்து, ஆழமாக, அசையாமல் இருந்தது.

"உன் அம்மா ஜிக்கைப் போடு," என்றார் கேப்டன்.

"ஐயோ, வேணாம். உங்களோடது ஒண்ணு குடுங்க."

தன் ஜிக்கை ஒருவர் விரும்பிக் கேட்பதை கேப்டன் அதுவரை கண்டதில்லை. இருப்பதிலேயே கண் பெரியதாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டார். கட்டியதும் வாயும் திறந்துகொண்டது.

"கம்பு நுனியைச் சுண்டணும் பாப்பா. இப்படி! சுண்டு, சுண்டு, சுண்டு! விடவே கூடாது! மணிக்கட்டு!"

அவருடைய ஜிக் தண்ணீருக்குள் தும்மல் வந்தவன்போல் நிற்காமல் துள்ளியது. எந்த மீனும் அதன் அருகில் வரவில்லை. வந்திருந்தாலும் பயந்துபோயிருக்கும்.

ஹெல்மியும் சுண்டினாள். ஒன்று, இரண்டு. அப்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஹெல்மிக்குச் சந்தேகம் வந்தால் கை தானாக நின்றுவிடும்.

"கேப்டன், நாம சுண்டிட்டு சும்மா விட்டா, ஜிக் கீழே—"

கேள்வி முடியவில்லை. ஜிக் இறகை விரித்துக்கொண்டு மெதுவாக, மெதுவாக அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளி நிழல் கிளம்பி அதன் பின்னாலேயே வந்தது. அவசரமில்லாமல் ஒரு பார்வை பார்த்தது. வாயைத் திறந்து மூடியது.

கம்பு வளைந்தது. இந்த முறை மரம் இல்லை. மரம் இப்படி ஓடாது.

"விடாத! விடு! விடாத!" என்று கேப்டன் எல்லா யோசனைகளையும் ஒரே மூச்சில் சொன்னார். கோஹோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியது, விழுந்தது, படகைச் சுற்றியது. ஹெல்மி பல்லைக் கடித்துக்கொண்டு மரத்துக்கு எதிர்ப்பக்கமாகவே அதை இழுத்தாள். கடைசியில் கேப்டன் வலையை நீட்டினார். அதை மட்டும் அவர் பேசாமல், மிக நன்றாகச் செய்தார்.

ஹெல்மி முதலில் மீனின் முதுகைத்தான் பார்த்தாள். வால் பக்கம் இருக்க வேண்டிய குட்டித் துடுப்பு இல்லை. அப்படியானால் பண்ணையில் வளர்த்து, அடையாளத்துக்குத் துடுப்பை வெட்டி விட்ட மீன், எடுத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்திருந்தால் ஆற்றில் பிறந்த மீன், திருப்பி விட்டிருக்க வேண்டும்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "அதுக்குப் பசியில்ல. இது என்னடா புதுசான்னு பார்க்க வந்துது. நம்மளா இருந்தா கையில எடுத்துப் பார்ப்போம். அதுக்குக் கை இல்லையே! வாய்தானே இருக்கு!"

கேப்டன் வலையை உதறி மடித்துவைத்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "அப்படியும் இருக்கலாம்," என்றார். அவர் வாயிலிருந்து 'இருக்கலாம்' என்ற சொல் வந்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

துறையை நெருங்கும்போது பனிக்குள் இர்மாவின் உருவம் தெரிந்தது. கேப்டன் திடுக்கிட்டு, பறித்துவைத்த ஜிக்குகளையெல்லாம் அள்ளிக் கால்சட்டையின் பின்பையில் திணித்துக்கொண்டார்.

"அடியே! இம்மாம் பெரிய மீனா!" இர்மா கைதட்டினாள். "எந்த ஜிக்குல விழுந்துது?"

"கேப்டனோட ஜிக்குல," என்றாள் ஹெல்மி.

"வெண்டெல் ஜிக்குலயா? மீனா? அந்த மீனுக்குக் கண்ணு தெரியுமா?" இர்மா நம்பாமல் ஜிக்கின் நெற்றியிலிருந்த 'வெ'யைத் தடவிப் பார்த்தாள். "சரி, உள்ள வாங்க. காப்பி சூடா இருக்கு. உக்காரு வெண்டெல்."

கேப்டன் உட்கார்ந்தார்.

அதைவிட வேகமாக எழுந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றார் கண்கலங்கி. "கேப்டன்னா நின்னுக்கிட்டே குடிக்கறதுதான் வழக்கம்."

இர்மா ஹெல்மியைப் பார்த்தாள். ஹெல்மி தன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இர்மா உள்ளே போன சமயம், ஹெல்மி ஓரத்தில் கிடந்த காலி டப்பா ஒன்றை மேசைக்கடியில் கேப்டனிடம் நீட்டினாள். டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக ஈயம் விழும் சத்தம் கேட்டது. நடுநடுவே மெல்லிய "ஸ்ஸ்" சத்தமும்.

மத்தியானம் ஏற்றத்தோடு அம்மா திரும்பி வந்தாள். மீனைக் காட்டுவதற்கு முன்னால் ஹெல்மி ஜிக்கைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா இறகைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கணும்." அம்மா ஜிக்கை மேசைமேல் வைத்தாள். "எந்தக் கிளையில இருந்துது?"

"வளைஞ்ச கிளையில."

"அந்தக் கிளைதான்! போன மாசம் நானும் அங்கதான் இதைத் தொலைச்சேன். வற்றத்துல சிப்பிப் படகுல போய் எடுத்துக்கிட்டு வந்தேன்." அம்மாவின் உதட்டோரம் துடித்தது. "ஏன் ஹெல்மி, அந்த மரத்துல வேற ஏதாவது பார்த்தியா?"

ஹெல்மி யோசித்தாள்.

"இல்லையேம்மா."

"நானும் ஒண்ணும் பார்க்கலை," என்றாள் அம்மா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெகுநேரம் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துறையில் கூட்டம். அம்மாவும் ஹெல்மியும் போனபோது, வெளியூர்க்காரர் ஒருவருக்கு கேப்டன் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சுண்டணும். அப்புறம் சும்மா விடணும். மீனுக்குக் கை கிடையாது பாருங்க, அது வாயாலதான் யோசிக்கும்! இந்தக் கழியில என்னை மாதிரி யாரும் கிடையாது. என் வாழ்நாள்ல நான் தொலைச்ச ஜிக்…"

அப்போது அவர் கண்ணில் ஹெல்மி பட்டாள். ஆவலோடு காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"…ஒண்ணே ஒண்ணுதான்!" என்று முடித்தார் கேப்டன்.

ஹெல்மிக்குத் திருப்தியாக இருந்தது. நேற்றுவரை ஒன்றுகூட இல்லை, இன்று ஒன்று. இதே வேகத்தில் போனால், அவள் கல்லூரிக்குப் போவதற்குள் கேப்டன் உண்மையான எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்துவிடுவார்.